கோடு எங்கே சேருது?

"எம்மா, இந்தக் கோடு எங்க சேருதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

அப்பா என்னிடம் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தீபாவளி லீவுக்கு ஓட்டப்பிடாரம் போயிருந்தேன். அப்பாவுக்கு மதியச் சாப்பாட்டை மறந்து போயிருந்தார்கள் என்று, தூக்குச்சட்டியோடு புதியம்புத்தூர் வழியாக பஸ் பிடித்து தூத்துக்குடி போய், மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் லேத் பட்டறைக்குள் நுழைந்தேன். விசைப்படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒன்று லேத்தில் மாட்டியிருந்தது. அப்பா மெஷினை நிறுத்திவிட்டு, ஷாஃப்டைக் கவ்விய வெர்னியரை வெளிச்சத்துப் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குனிந்து பார்த்தேன். முதன்மைக் கோலில் 44 மில்லிமீட்டர் தாண்டியிருந்தது. கீழே வெர்னியரில் 6 என்ற எண்ணுக்கு அடுத்த முதல் கோடு, மேலே உள்ள ஒரு கோட்டோடு நேராக நின்றது.

"ஆறு தாண்டி முதல் கோடு. 44.62" என்றேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஆறு தாண்டி நாலாவது கோடு இல்லையா?" என்றார்.

மறுபடி பார்த்தேன். முதல் கோடுதான். ஆனால் நான் தயங்கினேன். எனக்கு எதிரே நிற்பவர் 16 வயதில் லேத்துக்கு வந்தவர். 40 வருடமாக இந்தக் கோடுகளை வாசிப்பவர். நானோ சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்தி தட்டுகிறவள். "எனக்கு முதல் கோடு மாதிரிதான் தெரியுதுப்பா" என்று குரலை இறக்கிச் சொன்னேன்.

"சரி. நீ சொன்னா சரிதான்" என்று திரும்பிக்கொண்டார்.

மூன்று கோடு வித்தியாசம். ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர். ஆக மொத்தம் 0.06 மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் அளவு. இதற்காகவா அப்பாவின் முகம் அப்படி மாறியது என்று அன்று எனக்குப் புரியவில்லை. டீக்கடையில் பட்டறைத் தம்பி சொன்னபோதுதான் புரிந்தது. "போன வாரம் ஒரு ஷாஃப்ட் திரும்பி வந்துட்டுக்கா. புஷ்ஷுல லூசா ஆடுதாம். அண்ணாச்சி கடைஞ்சது திரும்பி வந்ததே இல்ல. அந்தப் படகுக்காரர் வேற பட்டறைக்குப் போயிட்டாரு."

விடை சரி, அளவு பொய்

இந்தக் கோடுகளோடு எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பிளஸ் ஒன்னில் இயற்பியல் படித்தவர்கள் யாரும் திருகு அளவியை மறந்திருக்க மாட்டார்கள். குதிரை லாடம் போன்ற ஒரு சட்டம், அதில் ஒரு திருகு, திருகைச் சுற்றும் உருளையில் 100 பிரிவுகள். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு 1 மில்லிமீட்டர் முன்னேறும். எனவே உருளையின் ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டர். இதைத்தான் 'மீச்சிற்றளவு' என்று பாடப் புத்தகம் சொல்லும். அந்தக் கருவியால் பார்க்க முடிகிற ஆகச் சிறிய அளவு.

செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரு செம்புக் கம்பியின் விட்டம். வருடம் முழுக்க நாங்கள் அளந்த அதே 20-ம் நம்பர் கம்பி. அதன் விட்டம் 0.91 மில்லிமீட்டர் என்று ரெக்கார்டு நோட்டிலேயே இருந்தது. எனவே நான் அளக்கவில்லை. 0.90, 0.91, 0.92, 0.91, 0.91 என்று ஐந்து அளவுகளை எழுதி, சராசரி போட்டு, மேலே 'சுழிப்பிழை: இல்லை' என்று எழுதினேன். பத்தே நிமிடம்.

தேர்வாளராக வந்தவர் என் தாளைப் பார்த்தார். என் மேசையில் இருந்த திருகு அளவியை எடுத்தார். இரண்டு முகங்களும் ஒட்டும்வரை திருகி என் முன்னால் நீட்டினார். கம்பியே இல்லாமல் அது மூன்று பிரிவு காட்டிக்கொண்டிருந்தது.

சுழிப்பிழை என்றால் அதுதான். எதையும் அளக்காதபோது கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், அது எல்லா அளவையும் அதே அளவு கூட்டியோ குறைத்தோ சொல்லும். என் கருவியில் யார் அளந்திருந்தாலும் அந்தக் கம்பி 0.94 என்றுதான் காட்டியிருக்கும். 0.03-ஐக் கழித்தால்தான் 0.91 வரும். நான் கழிக்காமலே 0.91 எழுதியிருந்தேன்.

"விடை சரி. அளவு பொய்" என்றார் அவர். அதட்டவில்லை. தாளில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்குச் செய்முறையில் மதிப்பெண் குறைந்தது. வீட்டில், "கருவி ரிப்பேர்" என்று சொன்னேன். அப்பா, "ரிப்பேர்னா எத்தன பாயிண்டு காட்டிச்சு?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் உள்ளே போனது நினைவிருக்கிறது.

கண் செய்யும் வேலை

அப்பா எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அவருடைய டூல் பெட்டியின் மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் பால்பாயிண்ட் பேனாவால் '−0.04' என்று எழுதியிருக்கும். அவருடைய பழைய வெர்னியரின் சுழிப்பிழை அது. வருடக்கணக்கில் இரும்பைக் கவ்வியதில் தாடைகள் தேய்ந்து போயின. மூடினால் பூஜ்யத்தைத் தாண்டி நாலு பாயிண்ட் பின்னால் போய்விடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத்தான் அப்பா பாயிண்ட் என்பார். "இது நாலு பாயிண்ட் கொறச்சிச் சொல்லும். நாமதான் கூட்டிக்கிடணும்" என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பார். அன்றைக்கு 44.62 காட்டியது என்றால் ஷாஃப்டின் உண்மையான அளவு 44.66. கேட்டிருந்த அளவு 44.60. இன்னும் ஆறு பாயிண்ட்தான் எடுக்க வேண்டும். அப்பா கண்ணுக்குத் தெரிந்த 44.68-ஐ நம்பியிருந்தால் பன்னிரண்டு பாயிண்ட் எடுத்திருப்பார். ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் லூசாக ஆடியிருக்கும். நடுக்கடலில் அதிர்வாகவும், படகுக்குள் ஏறும் தண்ணீராகவும் அது தெரிய வந்திருக்கும்.

வெர்னியர் என்பது ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். பியர் வெர்னியர் 1631-ல் இந்த யோசனையை வெளியிட்டார். யோசனை மிக எளியது. மேலே மில்லிமீட்டர் கோல். கீழே நகரும் சிறு கோல். சிறு கோலின் 50 பிரிவுகள் மேல்கோலின் 49 மில்லிமீட்டருக்குச் சமம். ஆக ஒவ்வொரு கீழ்ப் பிரிவும் ஒரு மில்லிமீட்டரைவிட 0.02 குறைவு. பொருளின் அளவு ஒரு முழு மில்லிமீட்டரைத் தாண்டி எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதற்கேற்ற ஒரே ஒரு கீழ்க்கோடு மட்டும் மேல்கோடு ஒன்றோடு நேராகச் சேரும். அது எத்தனையாவது கோடு என்று எண்ணி 0.02-ஆல் பெருக்கினால் போதும்.

இதில் என்ன அழகு என்றால், நம் கண்ணால் முடியாத வேலையை முடிகிற வேலையாக அது மாற்றிவிடுகிறது. நல்ல கண்கூட, கையெட்டும் தூரத்தில் 0.07 மில்லிமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கத் திணறும். ஆனால் இரண்டு கோடுகள் நுனியோடு நுனி சேர்கின்றனவா, விலகுகின்றனவா என்று கேட்டால் அதே கண் அதைவிடப் பல மடங்கு நுட்பமாகச் சொல்லும். பார்வை பற்றி ஆராய்கிறவர்கள் இந்தத் திறமைக்கு வெர்னியரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கருவியில் பாதிதான் இரும்பு. மீதிப் பாதி, பார்க்கிறவரின் கண்.

அந்தப் பாதி மங்கினால்?

மங்குவது மட்டுமல்ல, நேராகப் பார்க்காவிட்டாலும் ஆபத்துதான். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் சேராத கோடு சேர்ந்ததுபோலத் தெரியும். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்பீடாமீட்டரைப் பார்த்தால் வேகம் மாறித் தெரியுமே, அதேதான். பாடப் புத்தகத்தில் இதற்கு 'இடமாறு தோற்றப் பிழை' என்று பெயர். அப்பா வெர்னியரைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது, மங்கலுக்குத் தப்பி வெளிச்சம் தேடித்தான். ஆனால் சாய்க்கச் சாய்க்கக் கோடு இடம் மாறிக்கொண்டிருந்தது.

ஆச்சியின் முத்து

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா பட்டறையில் இருந்து மைக்ரோமீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நான்தான் கேட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் திருகு அளவி என்று படித்தோமே, அதே கருவிக்குப் பட்டறையில் இந்தப் பெயர். 1848-ல் பாரீசில் ழான் பால்மர் என்பவர் காப்புரிமை வாங்கிய கருவியின் வழி வந்தது. வெர்னியரில் அளக்கும் பொருள் கீழே தாடைகளுக்கு நடுவில் இருக்கும், அளவுகோல் மேலே இருக்கும். நழுவும் தாடை கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு தப்பும். மைக்ரோமீட்டரில் பொருளும் திருகும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால் அந்தத் தொந்தரவு குறைவு. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இதை ஒரு விதியாகவே சொல்லி வைத்தார்.

நான் கேட்டதற்குக் காரணம் ஆச்சியின் முத்து. அவளுடைய சுருக்குப் பையில் வெற்றிலைப் பாக்கோடு ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதற்குள் பஞ்சில் பொதிந்த ஒற்றை முத்து. அறுந்துபோன ஒரு மாலையில் மிஞ்சியது. "எங்க மாமனாரு தூத்துக்குடி சலாபத்துல ஏலம் எடுத்தது" என்பது ஆச்சியின் வாக்குமூலம். சலாபம் என்றால் முத்துக் குளிப்பு. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை சலாபம் நடந்தது. அதோடு சரி. அதன்பின் சிப்பிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்தை எப்படி அளந்தார்கள் என்பது தனிக் கதை. திருகு இல்லை, கோடும் இல்லை. பித்தளைச் சல்லடைகள் இருந்தன. 20, 30, 50, 80, 100 என்று தொடங்கி 1000 வரை பத்துச் சல்லடைகள். எண் என்பது துளைகளின் எண்ணிக்கை. 20 துளைச் சல்லடையில் துளை பெரிது, 1000 துளைச் சல்லடையில் மிகச் சிறிது. எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ, அதுதான் அதன் அளவு. பிறகு நிறம், ஒளி, உருண்டை பார்த்துத் தரம் பிரிப்பார்கள். உச்சத்தில் ஆணிமுத்து.

நம் ஊர்க் கணக்கில் சின்ன நீளத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 8 எள் ஒரு நெல், 8 நெல் ஒரு விரல் என்று பழைய வாய்பாடு இருக்கிறது. இன்றைக்கும் தச்சர்கள் இஞ்சை எட்டாகப் பிரித்து 'நூல்' என்கிறார்கள். ஆனால் எள்ளுக்கு எள் வித்தியாசம், விரலுக்கு விரல் வித்தியாசம். சல்லடையில் அந்தச் சிக்கல் குறைவு. யார் ஆட்டினாலும் துளை ஒன்றுதான். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. கொஞ்சம் நீண்ட முத்து, தன் ஒடுங்கிய பக்கம் வழியாகத் துளையில் இறங்கிவிடும். நீளமாக இருக்கிறது என்று சல்லடைக்குத் தெரியாது.

"உருட்டி உருட்டி அளந்து பாக்கணும்" என்றார் அப்பா.

முதலில் மைக்ரோமீட்டரை வெறுமனே மூடிப் பார்த்தோம். பூஜ்யம் சரியாக நின்றது. பிறகு முத்தை வைத்தோம். முத்து மெதுவான பொருள், இரும்பு முகம் அழுத்தினால் கீறல் விழும். அதனால் கடைசியில் உள்ள ராட்செட்டை மட்டும் பிடித்துத் திருக வேண்டும். குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் போனால் அது 'டிக் டிக்' என்று வழுக்கிவிடும். அளக்கிறவர் கைப்பலம் அளவுக்குள் புகுந்துவிடாமல் காப்பது அந்தச் சத்தம்தான்.

மூன்று பக்கமாகத் திருப்பி அளந்தேன். 4.37, 4.21, 4.29. கண்ணுக்குக் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாகத் தெரிந்த முத்து, கருவிக்கு உருண்டையாக இல்லை. ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் 0.16 மில்லிமீட்டர் வித்தியாசம்.

"அப்ப இது நெச முத்தா, வளத்த முத்தா?" என்று அம்மா கேட்டாள்.

அம்மா கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஓட்டப்பிடாரம் தாலுகாவில் கடற்கரையோரம் வேப்பலோடை என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக உருண்டையான வளர்ப்பு முத்து உருவானது அங்கேதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972-ல் அங்கே வேலையைத் தொடங்கியது. டாக்டர் கே. அழகர்சுவாமி தலைமையில் 1973-ல் வெற்றி கிடைத்தது. ஜப்பான்காரர்கள் மட்டும் அறிந்திருந்த வித்தை என்று பேசப்பட்ட காலம் அது.

வித்தை இதுதான். ஓட்டில் செய்த, சில மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை மணி ஒன்றை, இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டோடு சேர்த்து, சிப்பியின் உடம்புக்குள் வைப்பார்கள். அந்தத் திசு மணியைச் சுற்றி முத்துப்படலம் சுரக்கும். படலத்தின் ஒவ்வோர் அடுக்கும் ஏறக்குறைய அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் அந்த அளவுதான். அதனால்தான் முத்தில் ஒளி அடுக்கடுக்காகப் பிரதிபலித்து அந்த வானவில் சாயல் வருகிறது. பள்ளித் திருகு அளவியின் ஒரு பிரிவுக்குள் இப்படி இருபது அடுக்கு அடங்கிவிடும். வைத்த மணிக்கும் எடுத்த முத்துக்கும் விட்டத்தில் உள்ள வித்தியாசம்தான் சிப்பி செய்த உழைப்பு. அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் முத்தின் ஒளியும் ஆயுளும் விலையும் இருக்கின்றன.

நடுவில் உருண்டை மணி இருப்பதால் வளர்ப்பு முத்து பெரும்பாலும் உருண்டையாக வரும். அதை வைத்து, "உருண்டை இல்ல, அதனால இது நெச முத்து" என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அது அளவு சொல்லாத விஷயம். வளர்ப்பு முத்தும் கோணலாக வரும், இயற்கை முத்தும் உருண்டையாக வரும். உள்ளே மணி இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல எக்ஸ்ரே எடுக்க வேண்டும். "இத வச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றேன்.

"நான் கேட்டேனாட்டி?" என்றாள் ஆச்சி. "என் முத்து என்னன்னு எனக்குத் தெரியும்."

காகிதத்தில் எழுதாத பிழை

"எங்க, நான் ஒருக்கா பாக்கேன்" என்று அப்பா மைக்ரோமீட்டரை வாங்கினார். ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். சாய்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எண் சொல்லவே இல்லை.

ஆச்சிதான் போட்டு உடைத்தாள். "அவனுக்குக் கண்ணு மங்கிட்டு. எனக்கு வந்தாப்லதான். ராத்திரி லைட்டச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுதுன்னு என்கிட்ட சொன்னான். உங்ககிட்ட சொல்ல வெக்கப்படுதான்."

வீடு அமைதியாகிவிட்டது. அப்பா முத்தைப் பஞ்சில் வைத்து டப்பாவை மூடினார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவுக்குப் புத்தி சொல்லும் வயசும் இல்லை, தைரியமும் இல்லை. அதனால் என் கதையைச் சொன்னேன். "பிளஸ் ஒன் பிராக்டிகல்ல கருவி ரிப்பேர்னு சொன்னேன்லப்பா. ரிப்பேர் இல்ல. நான் அளக்கவே இல்ல. சுழிப்பிழை பாக்காம, இல்லன்னு எழுதிட்டேன். அது மூணு பாயிண்டு கூடக் காட்டிச்சு."

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "எட்டு வருசம் கழிச்சு சொல்லுத" என்றார். சிரித்தார். பிறகு அவரும் சொன்னார். திரும்பி வந்த ஷாஃப்டைப் பற்றி. அன்றைக்கு வெர்னியர்மேல் பழி போட்டுவிட்டாராம். "வெர்னியர் தேஞ்சு போச்சுன்னு முதலாளிகிட்ட சொன்னேன். அது தேஞ்சது நாலு பாயிண்டு. அது எனக்குத் தெரியும், பெட்டில எழுதி ஒட்டிருக்கேன். தெரிஞ்ச பிழையால வேல கெடாது. என் கண்ணுல எத்தன பாயிண்டுன்னுதான் தெரியல. தெரியாததத்தான் சொல்லாம வச்சிருந்தேன்."

திங்கட்கிழமை அப்பா முதலாளியிடம் சொன்னார். வேலை போய்விடும் என்று பயந்திருந்தார். போகவில்லை. கடைசி அளவை மட்டும் தம்பியும் ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடானது. தம்பி வேறு பழகிக்கொண்டான். கடைசல் முடிந்தவுடன் சூடாக இருக்கும் ஷாஃப்டை அளந்தால் அளவு கூடக் காட்டும் என்பதை அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 45 மில்லிமீட்டர் எஃகு, 40 டிகிரி கூடுதல் சூட்டில் இரண்டு பாயிண்டுக்குமேல் பெருத்துவிடும். ஆறினால் சுருங்கும். அப்பாவுக்கு இது சூத்திரமாகத் தெரியாது. "சூட்டோட அளக்காத, பொய் சொல்லும்" என்பார்.

நான் சென்னையில் இருந்து ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கி அனுப்பினேன். திரையில் எண் பெரிதாகத் தெரியும், கோடு வாசிக்க வேண்டாம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "இதுல 'ஜீரோ' பட்டன் ஒண்ணு இருக்கு. தாடைல இரும்புத் தூசி இருக்கும்போது அமுக்குனாலும் ஜீரோன்னு காட்டுது. எங்க வேணும்னாலும் ஜீரோ வச்சுக்கிடலாம்னா, அது என்ன ஜீரோ?" என்றார். ஆனாலும் உபயோகித்தார். அமுக்குவதற்கு முன்னால் தாடைகளைத் துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்து, இடையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்குவாராம்.

ஜனவரியில் வலது கண்ணுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. இப்போது தூரத்துப் பார்வை தெளிவு. பக்கத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். இடது கண்ணுக்கு அடுத்த முறை. பழைய வெர்னியர் மறுபடி அவர் கைக்கு வந்துவிட்டது. போய்விட்ட படகுக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் இந்தக் கட்டுரையில் அதைச் செய்ய முடியாது.

என் வேலையில் கருவி இல்லை. ஆனால் நாள் முழுக்க எண்கள் வருகின்றன. இத்தனை பேர், இத்தனை கோடி, இத்தனை கிலோமீட்டர். அவசரத்தில், ஏற்கெனவே மற்றவர்கள் போட்ட எண்ணைப் பார்த்து நாமும் போட்டுவிடுவது சுலபம். ரெக்கார்டு நோட்டில் 0.91 இருந்தது போல. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. இப்போதெல்லாம் ஓர் எண்ணைத் தட்டும்போது, 'இதை யார் அளந்தார்கள், அவர்களுடைய பூஜ்யம் எங்கே இருந்தது?' என்று ஒரு விநாடி நிற்கிறேன். நிற்காத நாட்களும் உண்டு. அதையும் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

போன வாரம் அப்பாவிடம் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வெர்னியர், அதன் கோடுகள். கீழே வாய்ஸ் மெசேஜ்: "எம்மா, கோடு எங்க சேருது?"

பயந்துவிட்டேன். மறுபடி கண்ணில் ஏதாவதோ? பெரிதாக்கிப் பார்த்து, "மூணு தாண்டி ரெண்டாவது கோடு" என்று அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. பின்னால் லேத் ஓடும் சத்தம். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு. மூணாவது கோடு. போட்டோவ வேணும்னே சாச்சு எடுத்தேன். நேரா எடுத்தீங்களான்னு கேட்டுட்டுல்லா பதில் சொல்லணும்?"